தடைக்காலத்துக்கு, பள்ளிக் கட்டணத்துக்கு என்று வங்கியில் பணத்தைத் தனித்தனியாகப் பிரித்து வைக்க வழி உண்டா?

தங்கச்சிமடம்_தையல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார், நான் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். வரவு முழுவதும் என் பெயரில் இருக்கிற ஒரே சேமிப்புக் கணக்கில்தான் விழுகிறது. மீன்பிடித் தடை முடிந்து ஜூனில் படகு இறங்கியதும் முதல் சில வாரம் இறால் நன்றாகப் படும், கணக்கில் கொஞ்சம் பணம் நிற்கும், அதைப் பார்த்ததும் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை முளைக்கும், அப்புறம் ஐப்பசி கார்த்திகையில் வாடைக் காற்றும் புயல் எச்சரிக்கையும் மாறி மாறி வந்து படகு கரையில் கிடக்கும்போது அதே கணக்கிலிருந்துதான் அரிசி மளிகை எல்லாம். ஏப்ரல் 15 அன்று தடை ஆரம்பிக்கும்போது பாஸ்புக்கில் மூன்று இலக்கம்தான் மிச்சம்.

எனக்கு வேண்டியது: தடைக்காலச் சாப்பாட்டுக்கு ஒன்று, பள்ளிக் கட்டணத்துக்கு ஒன்று (பள்ளி திறக்கிற ஜூன் முதல் வாரத்தில் இங்கே யார் கையிலும் காசு இருக்காது, தடை ஜூன் 14 வரை), ஊர்த் திருவிழாவுக்கு ஒன்று, வீட்டு ஓடு மாற்ற ஒன்று, ஆத்திர அவசரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தனித்தனியாக, மேலே பெயர் எழுதி ஒட்டியது போல இருக்க வேண்டும், ஒன்றில் இருப்பது இன்னொன்றுக்குப் போகக் கூடாது.

வங்கியில் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் "உங்களுக்கு இன்னொரு சேமிப்புக் கணக்கு இங்கே திறக்க முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். யூடியூபில் பார்த்தால் வெளிநாட்டில் ஒரே கணக்குக்குள் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பெயர் வைக்கிறார்கள். நம் ஊரில் அப்படி ஏதாவது இருக்கிறதா? உண்டியல், அரிசிப் பானை யோசனை எல்லாம் வேண்டாம், அதெல்லாம் பார்த்தாகிவிட்டது.

---

ஓய்வுபெற்ற_காசாளர் எழுதியது:

தங்கச்சி, கவுண்டரில் சொன்னது தவறில்லை, பாதியில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். உங்களுடையது ஜன்தன் கணக்காக இருக்கும் என்று நினைக்கிறேன். அது அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்ற வகை, குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. அந்தச் சலுகைக்குப் பதிலாக ரிசர்வ் வங்கி வைத்த நிபந்தனை, அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு கூடாது என்பது. ஆனால் அதே வங்கியில் ஆர்.டி. (தொடர் வைப்பு) போடலாம், வைப்புத்தொகை (எஃப்.டி.) போடலாம், எத்தனை வேண்டுமானாலும். உங்களுக்குத் தேவையான பெட்டிகள் அங்கேதான் இருக்கின்றன.

முதலில் எல்லோரும் சொல்வது ஆர்.டி.தான். மாதாமாதம் ஒரே தொகை, 12 மாதமோ அதற்கு மேலோ. சம்பளக்காரருக்கு அது சரி. உங்களுக்குச் சிக்கல் எங்கே என்றால், ஏப்ரலில் கைக்கு வர வேண்டும் என்று ஏப்ரலில் ஆரம்பித்தால் முதல் மூன்று தவணையே தடைக்காலத்தில் வந்து நிற்கும். கட்டத் தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒன்றரை ரூபாய் போல அபராதம் பிடிக்கிற வங்கிகள் உண்டு. பெரிய தொகை இல்லைதான், ஆனால் இல்லாத மாதத்தில் கட்டச் சொல்லும் திட்டம் உங்கள் தொழிலுக்குப் பொருந்தாது.

அதனால் என் யோசனை வேறு. வைப்புத்தொகைக்குக் காலம் வருடக்கணக்கில்தான் இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏழு நாளிலிருந்து போடலாம். 143 நாள், 208 நாள் என்று நாள் கணக்கிலும் போடலாம். பல வங்கிகளில் 1,000 ரூபாய் இருந்தாலே போதும், மொபைல் ஆப்பிலேயே போட்டுவிடலாம், கிளைக்கு வர வேண்டாம். ஆகவே நல்ல மீன்பாடு கிடைத்த வாரத்தில் 1,000 அல்லது 2,000 எடுத்து, இன்ன தேதியில் முதிர வேண்டும் என்று கணக்குப் பார்த்துப் போடுங்கள். அதில் முக்கியமான விஷயம், தடைக்காலப் பணம் மொத்தமும் ஏப்ரல் 15 அன்று முதிரக் கூடாது. அப்படி வந்தால் மே மாதம் பத்தாம் தேதிக்குள் தீர்ந்துவிடும், 61 நாளை அது தாங்காது. ஏப்ரல் 20, மே 5, மே 20, ஜூன் 5 என்று நான்கு தேதிகளைக் குறித்துக்கொண்டு, போடுகிற ஒவ்வொரு வைப்பையும் இந்த நான்கில் ஒன்றில் முதிரும்படி வையுங்கள். படகு கரையில் இருக்கும்போதும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கணக்கில் பணம் விழும். பள்ளிக் கட்டணத்துக்கு ஜூன் 1 என்று இன்னொரு தேதி. நீங்கள் பெயர் எழுதி ஒட்ட நினைக்கிறீர்கள், நான் தேதி எழுதி ஒட்டச் சொல்கிறேன். "பள்ளி" என்று எழுதிய பணத்தை டிசம்பரில் எடுத்துவிடலாம், ஜூன் 1 என்று போட்ட பணத்தை எடுக்க வேண்டுமென்றால் அதை முறிக்க வேண்டும், முறிக்கும்போது வட்டி குறைவதைத் திரையிலேயே காட்டும், கை கொஞ்சம் தயங்கும்.

போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். முதிர்ந்ததும் என்ன செய்ய என்று கேட்கும் இடத்தில் "தானாகப் புதுப்பி" என்பது பல ஆப்களில் முன்கூட்டியே தேர்வாகி இருக்கும். அதை மாற்றி, சேமிப்புக் கணக்கில் வரவு வை என்று கொடுங்கள். இல்லாவிட்டால் மே 5 அன்று பணம் வராது, இன்னொரு 208 நாளுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆட்டோ ஸ்வீப் என்று ஒன்று சொல்வார்கள், ஒரு வரம்புக்கு மேலே போகும் பணம் தானாக வைப்பாக மாறும். உங்களுக்கு அது வேண்டாம். ஏ.டி.எம்.மில் எடுக்கும்போது இருப்பு குறைந்தால் அந்த வைப்பும் தானாக உடைந்து வந்துவிடும். வசதிதான், தடுப்பு கிடையாது.

வட்டியைப் பற்றிக் கனவு காண வேண்டாம். பெரிய பொதுத்துறை வங்கிகளில் சேமிப்புக் கணக்குக்கு இப்போது இரண்டரை சதவீதம் அளவில்தான், ஆறேழு மாத வைப்புக்கு அதைவிட ஓரளவு கூட. பத்தாயிரத்துக்கு அரையாண்டில் நூறு, நூற்றைம்பது ரூபாய் வித்தியாசம் வரும். இதைச் செய்வது வட்டிக்காக அல்ல.

ஓடு மாற்றும் பணம் வேறு மாதிரி, அது சில வருட வேலை. அதற்கு ஸ்டேட் வங்கியில் ஃப்ளெக்ஸி டெபாசிட் என்று ஒரு திட்டம் உண்டு. நிதியாண்டில் குறைந்தது 5,000, அதிகபட்சம் 50,000, கையில் இருக்கும்போது 500-க்குக் குறையாமல் எப்போது வேண்டுமானாலும் போடலாம், ஐந்திலிருந்து ஏழு வருடம். மாதத் தவணைத் தொல்லை இல்லை. அவசரம் இல்லாத பணத்துக்கு மட்டும்.

---

மண்டபம்_கருவாட்டுக்கடை எழுதியது:

ஐயா சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஆப்பில் போட்டதை ஆப்பிலேயே முறிக்கலாம், இரவு பதினொரு மணிக்குப் படுத்துக்கொண்டே முறிக்கலாம். அதனால் நான் வேறு வழியில் போகிறேன்.

நான் வைத்திருப்பது தபால் அலுவலக ஆர்.டி., மாதம் நூறு ரூபாயிலிருந்து போடலாம், ஐந்து வருடம். 2023 அக்டோபரிலிருந்து வட்டி 6.7 சதவீதம், மாதம் ஆயிரம் கட்டினால் முடிவில் எழுபத்தோராயிரத்துச் சொச்சம் வரும். தவணை தவறினால் நூறுக்கு ஒரு ரூபாய் அபராதம், தொடர்ந்து நான்கு தவணைக்கு மேல் விட்டால் கணக்கு நின்றுவிடும். ஐயா சொன்ன தடைமாதச் சிக்கலுக்கு அங்கே ஒரு வழி இருக்கிறது, முன்கூட்டியே கட்டலாம். ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் நூறு ரூபாய்த் தவணைக்கு மொத்தம் பத்து ரூபாய் தள்ளுபடியும் உண்டு. கருவாடு நன்றாக ஓடும் மாதத்தில் நான் அப்படித்தான் கட்டிவிடுகிறேன், அதன் பிறகு கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம். மூன்று வருடத்துக்கு முன் மூட முடியாது. ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டியிருந்தால் பாதி வரை கடன் தருவார்கள். மூட முடியாது என்பதுதான் எனக்குப் பிடித்ததே. யாராவது வந்து கேட்டால் "போஸ்ட் ஆபீஸில் கிடக்கிறது, எடுக்க முடியாது" என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சு இல்லை.

தங்கச்சி, ஐந்து பெட்டி உனக்கு அதிகம். திருவிழாவுக்குத் தனிப் பெட்டி வைக்காதே. திருவிழாவுக்கு எவ்வளவு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது, விருந்தாள் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது, எவ்வளவு வைத்தாலும் அது தீரும். தடைக்காலம், பள்ளிக்கூடம், அவசரம், இந்த மூன்றை முதலில் செய். ஓடு அடுத்த வருடம் பார்க்கலாம்.

அவசரப் பணத்தை மட்டும் எதிலும் பூட்டாதே. வேறு ஒரு வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்குத் திற, ஏ.டி.எம். அட்டை வாங்காதே, ஜி.பே.யில் இணைக்காதே. பணம் வேண்டும் என்றால் நேரில் போய்ச் சீட்டு எழுதி எடுக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் போவோம், புதுச் செருப்புக்குப் போக மாட்டோம். ஆனால் இருப்புக் குறைந்தால் அபராதம் பிடிக்காத வங்கியாகப் பார்த்துத் திற. ஸ்டேட் வங்கியில் 2020-லேயே அதை எடுத்துவிட்டார்கள், கனரா வங்கியில் 2025-இல். மற்ற இடங்களில் கேட்டுவிட்டுத் திற. அப்புறம் இரண்டு வருடம் எதுவும் போடாமல் எடுக்காமல் விட்டால் கணக்குச் செயல்படாததாகிவிடும், திரும்ப ஆதாரோடு போய் நிற்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை நூறு ரூபாயாவது போடு.

---

கீழக்கரை_லண்டன் எழுதியது:

யூடியூபில் நீங்கள் பார்த்தது மோன்சோ அல்லது ஸ்டார்லிங் என்ற பிரிட்டன் வங்கியாக இருக்கும். நான் மோன்சோதான் வைத்திருக்கிறேன். ஒரே கணக்கு எண், உள்ளே வாடகை, ஊருக்கு அனுப்ப, டிக்கெட் என்று பிரித்துப் பெயரும் படமும் வைக்கலாம், ஒரு தேதி வரை பூட்டியும் வைக்கலாம். ஆனால் பூட்டினாலும் உண்மையில் எடுக்க முடியாதது இல்லை, ஆப்பில் கேட்டால் திறந்துவிடும். இந்தியாவில் பெடரல் வங்கியோடு சேர்ந்து வந்த ஜூப்பிட்டர் ஆப் "பாட்ஸ்" என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. கிளை எதுவும் இல்லாமல் போனை மட்டும் நம்பித் தங்கச்சிமடத்தில் உட்கார்ந்து ஆரம்பிக்கச் சொல்வேனா என்றால், சொல்ல மாட்டேன். போன் கடலில் விழுந்தால் சிம் வாங்கி, எண் மாற்றி, அலைச்சல்தான். மேலே ஐயா சொன்ன தேதி வைப்பு இதைவிட நல்ல பூட்டு.

---

சாயல்குடி_பனங்காடு எழுதியது:

எல்லோரும் எங்கே போடுவது என்று மட்டுமே பேசுகிறீர்கள். அக்கா, உங்கள் வீட்டில் தண்டல் ஓடுகிறதா? வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறாரா? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் யாரும் யோசனை சொல்லக் கூடாது. எங்கள் பக்கம் பனைத் தொழிலிலும் இதே கதைதான், பருவம் முடிந்ததும் கருப்பட்டி வியாபாரியிடம் கை நீட்டுவோம், அடுத்த வருடக் கருப்பட்டிக்கு அவர் சொல்வதுதான் விலை. மீனுக்கும் அப்படித்தானே. வட்டி வாங்கவில்லை என்பார்கள், வட்டி கிலோ விலையில் இருக்கும்.

தண்டலில் பத்தாயிரம் என்று எழுதிக் கையில் 8,500 தருவார்கள், நாளுக்கு நூறு வீதம் நூறு நாள். நாளுக்கு நாள் அசல் குறைந்துகொண்டே வருவதால் கையில் சராசரியாக நாலாயிரத்துச் சொச்சம்தான் இருக்கிறது, அதற்கு மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலான காலத்தில் 1,500 வட்டி. வருடத்துக்குக் கணக்குப் போட்டால் நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. இதை ஒரு பக்கம் கட்டிக்கொண்டு இன்னொரு பக்கம் ஆறு சதவீதத்துக்குத் தேதி தேதியாக வைப்பதில் என்ன பயன்? முதலில் அதை அடையுங்கள்.

---

தங்கச்சிமடம்_தையல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சாயல்குடி தம்பிக்கு: தண்டல் ஒன்று ஓடுகிறது, மறைக்க ஒன்றுமில்லை. இன்னும் மூன்று வாரத்தில் முடியும். முன்பணம் இவர் வாங்கவில்லை, படகு முதலாளிதான் வியாபாரியிடம் வாங்கியிருக்கிறார், அது எங்கள் பங்கில் எப்படிப் பிடிபடுகிறது என்பது எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஒன்று சொல்லட்டுமா, தண்டல் வாங்கியதே போன தடைக்காலத்தில் கையில் எதுவும் இல்லாததால்தான். அதை முழுவதும் அடைத்துவிட்டு அப்புறம் சேமிக்கலாம் என்று இருந்தால் அடுத்த ஏப்ரலில் திரும்ப வாங்குவேன். அதனால் இரண்டும் சேர்ந்துதான் நடக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

காசாளர் ஐயாவின் நான்கு தேதி எனக்கு நன்றாகப் புரிந்தது, இவரிடமும் சொன்னேன். இவர் ஒரு கேள்வி கேட்டார், அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தப் பணத்தை யார் பெயரில் போடுவது? என் பெயரில் மட்டும் போட்டால் இவருக்கு மனசு வராது. இவர் பெயரில் போட்டால், சொல்லக் கூடாது, ஆனால் இந்தக் கரையில் அதை யோசிக்காமல் இருக்க முடியாது, இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய் மாசக்கணக்கில் உள்ளே வைத்துவிட்டால் நான் என்ன செய்வேன்? பக்கத்துத் தெருவில் அப்படி ஒரு வீட்டில் கணக்கில் பணம் இருந்தும் எடுக்க முடியாமல் தோட்டை அடகு வைத்தார்கள்.

---

ஓய்வுபெற்ற_காசாளர் எழுதியது:

அவர் கேட்டது நல்ல கேள்வி, இதை நானே முதலில் எழுதியிருக்க வேண்டும்.

இருவர் பெயரிலும் கூட்டாகப் போடுங்கள், "இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்ற முறையில். ஆங்கிலப் படிவத்தில் அது "ஈதர் ஆர் சர்வைவர்" என்று இருக்கும், அதையே கேட்டு எழுதச் சொல்லுங்கள். முதிர்ந்த தேதியில் உங்கள் ஒருவர் கையெழுத்தே போதும், அவர் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் பணம் உங்கள் கைக்கு வரும். அதே வைப்பை முதிர்வுக்கு முன்னால் முறிக்க வேண்டும் என்றால் இருவர் கையெழுத்தும் கேட்கலாம் என்பது விதி, வங்கிகளும் கேட்கின்றன. இதை எத்தனையோ பேர் கவுண்டரில் வந்து குறையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், உங்களுக்கு இது வரம். அவர் மட்டும் நினைத்தாலும் முறிக்க முடியாது, நீங்கள் மட்டும் நினைத்தாலும் முறிக்க முடியாது. மண்டபத்து அம்மா பயந்த இரவு பதினொரு மணிச் சங்கதிக்கும் இதுதான் மருந்து. கூட்டு வைப்பைப் பெரும்பாலும் கிளையில் போய்த்தான் போட வேண்டியிருக்கும், ஆப் அலைபேசியை வைத்திருப்பவர் பெயரில் மட்டுமே போட விடும். கிளைக்குப் போகும் தொல்லை அந்த வகையில் நல்லதுதான்.

இதில் ஒரு பாதகம் உண்டு, சொல்லிவிடுகிறேன். அவர் அங்கே மாட்டியிருக்கும்போது ஜனவரியில் உங்களுக்கு அவசரம் வந்தால் கூட்டு வைப்பை உங்களால் முறிக்க முடியாமல் போகலாம். அதற்குத்தான் அவசரப் பணம் தனியாக, பூட்டாமல், உங்கள் பெயரில் வேறு வங்கியில் இருக்க வேண்டும். அந்த அம்மா சொன்ன இரண்டாவது கணக்கை நான் முழு மனதோடு ஆமோதிக்கிறேன்.

நாமினி கட்டாயம் போடுங்கள், கூட்டுக் கணக்குக்கும். 2025 நவம்பர் முதல் ஒரு வைப்புக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். கடலில் காணாமல் போனவர்கள் விஷயத்தில் உடல் கிடைக்காவிட்டால் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்க ஏழு வருடம் ஆகும், அதற்குள் பணம் கேட்டு அலைந்த பெண்களைப் பணியில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். கூட்டுக் கணக்காக இருந்த வீடுகள் அந்த அலைச்சலில் சிக்கவில்லை.

சாயல்குடித் தம்பி சொன்ன தண்டல் கணக்கு சரி. ஆனாலும் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தண்டலை முடியுங்கள், முடித்த மறுநாளிலிருந்து அதே நூறு ரூபாயை உங்கள் அவசரக் கணக்குக்கு ஒதுக்குங்கள், வாரக் கடைசியில் சேர்த்துப் போட்டால் போதும். கொடுத்துப் பழகிய பணம், வீட்டில் குறை தெரியாது.

---

பாம்பன்_டிரைவர் எழுதியது:

நான் விசைப்படகு டிரைவர், ஆள்களோடு பங்கு பிரிக்கிற இடத்தில் நிற்பவன், அதனால் ஒன்று சொல்கிறேன். நீங்கள் பேசுகிற தேதி எல்லாம் சரி, ஆனால் பங்குப் பணம் கையில் வந்த அன்று ராத்திரியே போகவில்லை என்றால் அது போகாது. எங்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல். டீசல், ஐஸ், சாப்பாடு கழித்து முதலாளி பங்கு போக மிச்சத்தைப் பிரித்து நோட்டாகக் கையில் கொடுப்போம், கரையிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் அது என்ன ஆகிறது என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் படகில் இரண்டு பேர் முதலாளியிடம் சொல்லி, பங்கில் ஒரு பகுதியை வீட்டம்மா கணக்குக்கு நேராக அனுப்ப வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரர் சம்மதித்தால் முதலாளி மறுக்க மாட்டார், அவருக்கு அது வேலை குறைவு.

அப்புறம் அரசுப் பணம். தடைக்கால நிவாரணம் முன்பு 5,000, அதை 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் நம்ம மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் அறிவித்தார். சேமிப்பு நிவாரணத் திட்டமும் இருக்கிறது, நாம் 1,500 கட்டினால் மத்திய மாநில அரசுகள் 3,000 சேர்த்து 4,500 ஆகத் திரும்ப வரும், மீனவ மகளிருக்கும் தனியாக உண்டு. தங்கச்சி மீனவர் சங்கத்தில் உறுப்பினர் இல்லையென்றால் முதலில் அதைப் பார்க்கட்டும், போட்ட காசு மூன்று மடங்காக வருகிற பெட்டி எந்த வங்கியிலும் கிடையாது.

இரண்டாவது கணக்கு திறக்கும்போது ஒரு எச்சரிக்கை. படிவத்தில் அரசு மானியம் இந்தக் கணக்குக்கு வர ஆதாரை இணைக்கச் சம்மதமா என்று ஒரு கட்டம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு டிக் போட்டால் ஆதார் வழியாக வருகிற பணமெல்லாம் கடைசியாக இணைத்த அந்தக் கணக்குக்குப் போய்விடும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கேஸ் மானியம் எங்கே போகிறது என்று பல மாதம் தேடினார்கள். பழைய கணக்கே போதும் என்றால் அந்தக் கட்டத்தை விட்டுவிடுங்கள்.

---

மண்டபம்_கருவாட்டுக்கடை எழுதியது:

டிரைவர் தம்பி, அந்தக் கட்டத்தை வேண்டுமென்றே டிக் போடுகிறவர்களும் உண்டு. வருகிற அரசுப் பணம் கைபடாத கணக்கில் போய் விழட்டும் என்று. எங்கள் குழுவில் இருவர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். எது எங்கே விழுகிறது என்று தெரிந்து செய்தால் தப்பில்லை.

---

தங்கச்சிமடம்_தையல் எழுதியது:

சரி, நான் முடிவு செய்ததை எழுதுகிறேன், தவறு இருந்தால் சொல்லுங்கள். தண்டல் முடிந்ததும் வேறு வங்கியில் அவசரக் கணக்கு, என் பெயரில், அட்டை இல்லாமல். மானியம் பழைய கணக்கிலேயே இருக்கட்டும். தடைக்காலத்துக்குக் கூட்டு வைப்பு, நான்கு தேதி. பள்ளிக்கு ஜூன் 1. ஓடும் திருவிழாவும் இந்த வருடம் இல்லை (இவர் திருவிழாவுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, அது எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம்). தையல் பணம் கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் அதைத் தபால் ஆர்.டி.யில் மாதம் முந்நூறு.

ஒரு சந்தேகம். ஒவ்வொரு தடவையும் ஆயிரம் ரூபாய்க்கு இருவரும் கிளைக்குப் போய் நிற்க முடியாது, இவர் கடலுக்குப் போகாத நாளில் தூங்கத்தான் பார்ப்பார். என்ன செய்வது?

---

ஓய்வுபெற்ற_காசாளர் எழுதியது:

மாதம் ஒருமுறை போனால் போதும். பங்கிலிருந்து வருவதை அந்த மாதம் முழுவதும் அவசரக் கணக்கில் சேருங்கள், அங்கேதான் அட்டை இல்லையே. மாதக் கடைசியில் ஒரு நாள் இருவரும் போய், மூன்றாயிரமோ ஐந்தாயிரமோ ஒரே வைப்பாகப் போட்டுவிட்டு வாருங்கள். முதல் மாதம் போடுவது ஜூன் 5-க்கு, அடுத்தது மே 20-க்கு, அப்படிக் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி நிரப்புங்கள். ஏப்ரல் 20-க்கு உரியதை மார்ச்சில் போட்டுக்கொள்ளலாம், மார்ச்சில் பாடு குறைந்தால்கூட தடை ஆரம்பித்த முதல் இரண்டு வாரம் எப்படியும் ஓடிவிடும், நிவாரணப் பணமும் வரும். மே கடைசிதான் பட்டினி, அதை முதலில் நிரப்புங்கள்.

படிவம் எழுதும்போது மாதம் என்ற இடத்தை விட்டுவிட்டு நாள் என்ற இடத்தில் எண்ணை எழுதச் சொல்லுங்கள். பலர் "ஆறு மாதம்" என்று எழுதிவிடுவார்கள், தேதி தப்பிவிடும். ரசீதில் முதிர்வு தேதியைப் பார்த்துவிட்டுத்தான் கவுண்டரை விட்டு நகர வேண்டும்.